புள்ளியிட்ட எழுத்து: பெருங்குடற் புற்றுநோயும் மெதையிலேற்றமும்

மெய்யெழுத்துக்குப் புள்ளி விதித்தவர் தொல்காப்பியர். ககர வடிவத்தின்மேற் புள்ளி ஏறியதும் அதனுள் உறையும் அகரவோசை அடங்கிவிடுகிறது. எழுத்தின் வடிவமோ மாறுவதில்லை. பரம்பரை இயல்புகளைத் தாங்கும் டீ.என்.ஏ. மூலக்கூற்றிலும் இத்தகையதொரு குறியீட்டு முறை உண்டு. அடெனின், தைமின், குவானின், சைற்றோசின் என்னும் நான்கு எழுத்துகளாலான அந்நெடுஞ் சுவடியில், குவானினுக்கு முன்னே நிற்கும் சைற்றோசின்மீது, ஒரு காபன் அணுவும் மூன்று ஐதரசன் அணுக்களும் சேர்ந்த மெதையிற் கூட்டம் ஏற்றப்படுவதுண்டு. ஒரு பரம்பரையலகின் தொடக்கப் பகுதியில் இக்குறிகள் செறிந்தால் அவ்வலகு வாசிக்கப்படாது மௌனமாகிறது. கலம் பிரியும்போது நொதியமொன்று இக்குறிகளையும் படியெடுத்துவிடுவதால் அம்மௌனமும் புதிய கலங்களைச் சென்றடைகிறது.

பெருங்குடற் புற்றுநோயில் இக்குறிகள் இடம்மாறுகின்றன. புற்றுக் கலங்களிற் சில பரம்பரையலகுகள் அயலிலுள்ள நலமான கலங்களைவிடக் குறைவான மெதையிற் குறிகளைத் தாங்கியிருப்பதை 1983இல் பைன்பேர்க், வோகல்ஸ்ரைன் ஆகியோர் காட்டினர். சுவடி முழுவதிலும் குறிகள் அருக, வேறு சில இடங்களில் அவை அளவுக்கு மீறிக் குவிவது பின்னர் தெளிவாயிற்று. அவ்வாறு குவியும் இடங்களுள் எம்.எல்.எச்.1 என்னும் பரம்பரையலகு தனியே நோக்கத்தக்கது. அதன் தொழில், அச்சகத்திலே மெய்ப்புப் பார்ப்பவரின் தொழிலை ஒத்தது. படியெடுப்பில் நேரும் பிழைகளைத் திருத்தும் புரதமொன்றை அது ஆக்குகிறது. அது வாயடைக்கப்பட்டதும் பிழைகள் திருத்தப்படாமலே பெருகுகின்றன. மேனாடுகளிற் பெருங்குடற் புற்றுகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 15 இத்தகைய திருத்தக் குறைபாடு உடையவை; அவற்றுட் பெரும்பாலானவற்றில் அலகின் எழுத்து சிதைவுறவில்லை, அதன்மீது குறி ஏறியிருக்கிறது.

முதுமை, புகைத்தல், குடலின் நீடித்த அழற்சி ஆகியன இம்மாற்றங்களோடு தொடர்புடையன. சூழல் உயிரியின்மீது எழுதுகிறது என்று கண்டதும் மார்க்சியர் சிலர் மகிழக்கூடும். 1948இல் லைசெங்கோவின் பெயரால் சோவியத் உயிரியலுக்கு நேர்ந்த கதியை நாம் மறத்தலாகாது. மெதையிற் குறிகளுட் பெரும்பாலானவை கருவுருவாகும் காலத்தில் அழிக்கப்பட்டு மீள எழுதப்படுகின்றன. 1974ஆம் ஆண்டளவில் தோட்டங்களை வாட்டிய பட்டினி பேரப்பிள்ளைகளின் குடலிற் புற்றாக எழுதப்பட்டிருக்கிறது என வாதிடுவது அரசியற் சொற்பொழிவாகலாம், விஞ்ஞானமாகாது.

உணவைப் பற்றியும் இதே நிதானம் வேண்டும். மெதையிற் கூட்டத்தை வழங்குவதிற் கீரையிலும் பருப்பிலும் உள்ள போலேற்றுக்குப் பங்குண்டு. பதுளை, பசறை, மொனராகலைத் தோட்டங்களிலே கோதுமை மா ரொட்டியையும் தேநீரையும் நம்பிய காலையுணவில் இவை அரிது. ஆயினும் போலிக்கமில மாத்திரை குடலிற் புதிய முகிழ்கள் தோன்றுவதைத் தடுக்கவில்லை என்பதை 2007இல் வெளிவந்த பரிசோதனை காட்டியது.

உண்மையான அநீதி நோயைக் கண்டறிவதிலேயே உள்ளது. குடற்சுவரின் சிறு முகிழொன்று புற்றாக முதிர்வதற்குப் பெரும்பாலும் பத்தாண்டுகளுக்கு மேற் செல்லும். மெதையிற் குறிகள் அம்முகிழ்ப் பருவத்திலேயே தென்படுகின்றன. மலத்தில் அக்குறிகளைத் தேடும் சோதனையொன்றுக்கு 2014இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது; விலை சில நூறு டொலர். மலத்தில் மறைந்துள்ள குருதியைக் காட்டும் பழைய சோதனையோ மிக மலிவானது. தோட்டத்து டிஸ்பென்சரியிலும் செய்யத்தக்கது. ஆனால் அதில் ஐயம் எழுந்தால் நகரத்து வைத்தியசாலையில் அகநோக்கிச் சோதனை செய்தல் வேண்டும். அதற்கு முதல் நாளே குடலைச் சுத்தம் செய்தாகவேண்டும். வேலைக்குப் போகாத நாளுக்குப் 'பேர்' இல்லை. மலத்தோடு குருதி போகுங்கால் மூலச்சூடு என்று சொல்லிக்கொண்டு மலையேறும் பெண்ணின் அறியாமையைக் குறைகூறுவோர், அவ்விரு நாட் சம்பளத்தை யார் கொடுப்பது என்று கேட்பதில்லை.