மீனுக்கு முன்னே குடியேறுபவர்கள்

கடல்மீன் வளர்க்கும் ஆசையில் இறங்குகிறவர்கள் பலர் தொட்டி, உப்பு, விளக்கு, மீன் எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கி வந்துவிடுகிறார்கள். தண்ணீர் பளிச்சென்று தெளிந்து நிற்கும். சில நாளில் மீன் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், செவுள் வேகமாக அடிக்கும், இரை எடுக்காது. அப்புறம் செத்து மிதக்கும். கடைக்காரர் நோய் பிடித்த மீனைத் தலையில் கட்டிவிட்டார் என்று வீட்டில் பேச்சு எழும். பெரும்பாலும் அந்த மீனுக்கு எந்த நோயும் இருந்திருக்காது. கண்ணுக்குத் தெரியாத தன் கழிவே அதைக் கொன்றிருக்கும்.

இரையில் உள்ள புரதம் உடலில் உடைபடும்போது மிஞ்சும் நைட்ரஜனை மீன் பெரும்பாலும் அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளியேற்றுகிறது. கடலில் அது ஒரு பொருட்டே இல்லை. 200 லிட்டர் தொட்டியில் அது போக இடமில்லாமல் நாளுக்கு நாள் சேரும். தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவங்களில் இருக்கிறது. மின்னூட்டம் பெற்ற அம்மோனியம் செவுளுக்குள் எளிதில் நுழையாது. மின்னூட்டமில்லாத அம்மோனியாதான் செவுளின் சவ்வைக் கடந்து ரத்தத்தில் கலந்து நஞ்சாகிறது. எந்த வடிவம் எவ்வளவு இருக்கும் என்பதைத் தண்ணீரின் பி.எச். அளவு முடிவு செய்கிறது. பி.எச். 7 உள்ள நன்னீரில் நச்சு வடிவம் 200-இல் ஒரு பங்குதான். பி.எச். 8.2 உள்ள கடல்நீரில் அது 15-இல் ஒரு பங்கை நெருங்கிவிடும். தங்கமீன் தாக்குப்பிடிக்கும் அளவு அம்மோனியா கடல்மீனைக் கொன்றுவிடுவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

ஆகவே முதல் கடல்நீர்த் தொட்டிக்கு ஃபில்டர் அமைக்கிறவர், அழுக்கைப் பிடித்து நிறுத்தும் பெட்டியை வாங்கி மாட்டுவதோடு வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். அம்மோனியாவைத் தின்று வாழும் உயிர்களுக்கு இடம் அமைத்துக் கொடுப்பதுதான் அதில் முக்கால் பங்கு வேலை.

அப்படிப்பட்ட உயிர்கள் உண்டு என்று நிறுவியவர் ரஷ்ய அறிவியலாளர் செர்கெய் வினோகிராட்ஸ்கி. 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மண்ணிலிருந்து அவற்றைப் பிரித்தெடுத்தார். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. மற்றொரு கூட்டம் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. சூரிய ஒளியும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம்; இந்த வேதிமாற்றத்தில் கிடைக்கும் சொற்ப ஆற்றலைக் கொண்டே அவை பிழைக்கின்றன. நீண்ட காலம் பாடநூல்கள் நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபேக்டர் என்ற இரண்டு பெயர்களோடு நிறுத்திக்கொண்டன. 1990-களின் இறுதியில் மீன்தொட்டிகளின் நுண்ணுயிர்களை மரபணு வழியே ஆராய்ந்தபோது, நைட்ரைட்டை மாற்றும் வேலையில் நைட்ரோஸ்பைரா என்ற வேறொரு கூட்டம் முன்னிற்பது தெரியவந்தது.

2005-இல் வந்த செய்தி அதைவிடப் பெரியது. அமெரிக்காவின் சியாட்டில் நகர மீன்காட்சியகத்தில், வெப்பமண்டலக் கடல்மீன் தொட்டி ஒன்றின் அடியிலிருந்த சரளையில் அம்மோனியாவைத் தின்னும் புதிய உயிர் ஒன்றை ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தார்கள். அது பாக்டீரியாவே இல்லை. ஆர்க்கியா என்ற தனிப் பெரும்பிரிவைச் சேர்ந்தது. நைட்ரோசோபுமிலஸ் மாரிடிமஸ் என்று பெயரிட்டார்கள். அதன் உறவினங்கள் உலகக் கடல்களெங்கும் மிகப் பெரும் எண்ணிக்கையில் வாழ்கின்றன. கடலில் நைட்ரஜன் எப்படிச் சுழல்கிறது என்ற கேள்விக்கு ஒரு முக்கியமான விடை மீன்தொட்டிச் சரளையிலிருந்து வந்தது. இந்தப் பொழுதுபோக்கை நான் மதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த உயிர்களுக்கு வேண்டியவை மூன்று: ஒட்டி வளரப் பரப்பு, ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீர், ஆக்ஸிஜன். மூன்றாவதைத்தான் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஒரே வெப்பநிலையில் நன்னீரைவிடக் கடல்நீர் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவான ஆக்ஸிஜனையே கரைத்து வைத்துக்கொள்ளும். தண்ணீர் சூடேறினால் அதுவும் குறையும். சென்னை, மதுரைக் கோடையில் தொட்டி 31 டிகிரியைத் தாண்டும்போது மீனும் நுண்ணுயிரும் ஒரே ஆக்ஸிஜனுக்குப் போட்டி போடுகின்றன. 25 முதல் 27 டிகிரிக்குள் வைத்திருக்கச் சில்லர் வேண்டும். சிறிய தொட்டிக்கு மேல்பரப்பில் காற்று வீசும் விசிறியே ஓரளவு போதும்.

ஆக்ஸிஜனின் அருமையை முதலில் அனுபவத்தில் உணர்ந்தவர்களில் ஒருவர் அன்னா தின் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. 1846-இல் டார்கி கடற்கரையிலிருந்து உயிருள்ள பவளங்களை லண்டனுக்குக் கொண்டுவந்தார். லண்டனில் கடல் இல்லை, மின்மோட்டாரும் இல்லை. அவர் வீட்டுப் பணிப்பெண் தினமும் திறந்த சன்னலருகே நின்று, கடல்நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றி மாற்றி ஊற்றினார். பவளங்கள் பிழைத்தன. வரலாறு எசமானியின் பெயரைக் குறித்து வைத்திருக்கிறது. கை வலிக்க ஊற்றியவருக்கும் அதில் சரிபாதி உரிமை உண்டு. அடுத்த ஆண்டு அன்னா தின் கடற்பாசிகளையும் சேர்த்து, அவை வெளியிடும் ஆக்ஸிஜனைத் துணைக்குக் கொண்டார்.

பரப்புக்கான வழியைக் காட்டியவர் இந்தோனேசியாவின் லீ சின் எங். 1961-இல் அவர் எழுதிய கட்டுரையில், பவளத்திட்டுகளிலிருந்து உயிரோடு எடுத்த பாறைத்துண்டுகளையும் காற்றுக் குமிழிகளையும் மட்டும் கொண்டு தொட்டி நடத்தும் முறையை விவரித்தார். பின்னர் ஜெர்மனியின் பெர்லின் வட்டாரத்து ஆர்வலர்கள் அதோடு நுரை எடுக்கும் கருவியைச் சேர்த்தார்கள். பெர்லின் முறை என்ற பெயரில் அதுதான் இன்றைய வீட்டுத் தொட்டிகளுக்கு அடிப்படை. பாறையின் சிறப்பு அதன் துளைகளில் இருக்கிறது. மேல்பரப்பில் ஆக்ஸிஜன் உள்ள இடத்தில் அம்மோனியா நைட்ரேட் ஆகும். ஆக்ஸிஜன் எட்டாத உள்துளைகளில் வேறு பாக்டீரியாக்கள் அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி, தண்ணீரிலிருந்தே வெளியேற்றிவிடும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். லைவ் ராக் என்று கடைகளில் சொல்லப்படும் அந்தப் பாறையை நம் கடலிலிருந்து எடுக்கக் கூடாது. பாறைப் பவளங்களும் கடல்விசிறிகளும் கடல்குதிரைகளும் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அதே சட்டம் புலிக்குத் தரும் காப்பு அது. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டது. சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பல பத்தாண்டுகள் பவளப்பாறையை வெட்டி எடுத்ததில் அந்தத் தீவுகள் பட்ட அடி பெரிது. இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கிவிட்டன. ஒரு வரவேற்பறையின் அழகுக்காக அங்கிருந்து ஒரு கல்கூட வரக் கூடாது. துளை நிறைந்த செராமிக் கற்களும் செயற்கையாக வார்த்த பாறைகளும் கிடைக்கின்றன. நுண்ணுயிர் குடியேறச் சில வாரம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

நுரை எடுக்கும் ஸ்கிம்மர்தான் கடல்நீர்த் தொட்டிக்கே உரிய கருவி. பருப்பு கொதிக்கும்போது மேலே திரளும் நுரையைக் கரண்டியால் வழித்து எடுப்போமே, அதே வேலையை இது நாள் முழுக்கச் செய்கிறது. மீன் கழிவிலும் மிஞ்சிய இரையிலும் உள்ள பல கரிமப் பொருள்களின் மூலக்கூறுகளுக்கு ஒரு முனை நீரை விரும்பும், மறுமுனை நீரை வெறுக்கும். அப்படிப்பட்டவை காற்றும் நீரும் சந்திக்கும் இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். ஸ்கிம்மர் ஒரு குழாய்க்குள் ஏராளமான நுண்குமிழிகளைச் செலுத்தி, அந்தச் சந்திப்புப் பரப்பைப் பல மடங்காக்குகிறது. குமிழிகள் கழிவைச் சுமந்துகொண்டு மேலேறி, நுரையாகிக் கிண்ணத்தில் வழியும். நன்னீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி உடைந்துவிடும். உப்பு கரைந்த நீரில் அப்படிச் சேர்வது தடைபடுவதால் அவை பொடியாகவே நிற்கின்றன. அதனால்தான் இந்தக் கருவி கடல்நீரில் நன்றாக வேலை செய்கிறது. கழிவு அழுகி அம்மோனியா ஆவதற்கு முன்பே அதை வெளியே எடுத்துவிடுவது இதன் பெரிய நன்மை. தண்ணீருக்குக் காற்றூட்டுவது இன்னொன்று. காசு குறைவாக இருந்தால் விளக்கில் சிக்கனம் பிடியுங்கள், ஸ்கிம்மரில் பிடிக்காதீர்கள்.

பஞ்சு, ஃபில்டர் பை போன்றவை மிதக்கும் துகளைப் பிடிக்கும். அவற்றை மூன்று நாளுக்கு ஒரு முறை அலச வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். பிடித்த அழுக்கு அங்கேயே கிடந்து மட்கினால், பிடித்ததால் பயனில்லை. கரித்தூள் பை தண்ணீரின் மஞ்சள் நிறத்தையும் வாடையையும் எடுக்கும்; முதல் நாளே வேண்டும் என்றில்லை.

இவற்றையெல்லாம் வைக்கத் தொட்டிக்குக் கீழே சம்ப் எனப்படும் இரண்டாவது தொட்டி ஒன்று இருந்தால் நல்லது. மேல்தொட்டியில் வழியும் நீர் குழாய் வழியே கீழே இறங்கி, பஞ்சு, ஸ்கிம்மர், செராமிக் கற்கள் என்று ஒவ்வொன்றாகக் கடந்து, மோட்டாரால் மறுபடி மேலே போகும். கரண்ட் போகும்போது மேல்தொட்டியிலிருந்து எவ்வளவு நீர் கீழே இறங்கும் என்பதை முதல் நாளே மோட்டாரை நிறுத்திப் பார்த்துவிடுங்கள். அந்த அளவுக்குச் சம்ப்பில் இடம் காலியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உப்புநீர் வீட்டுத் தரையில் ஓடும். மோட்டார் நின்ற சில மணி நேரத்தில் கற்களிலுள்ள நுண்ணுயிர்கள் அங்கே மிஞ்சியிருக்கும் ஆக்ஸிஜனைத் தீர்த்துவிடும். மூடிய கேனிஸ்டர் ஃபில்டரில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். பேட்டரியில் ஓடும் சிறிய ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

தண்ணீருக்கு வருவோம். கடற்கரைக்குப் போய்க் குடத்தில் பிடித்து வரலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கூவமும் அடையாறும் கலக்கும் கரையோர நீரை நான் பரிந்துரைக்க மாட்டேன்; வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அதன் உப்பளவும் இறங்கிவிடும். ஆர்.ஓ. நீரில் கடல்மீனுக்கென்று விற்கும் செயற்கைக் கடலுப்பைக் கரைப்பதே நம்பகமான வழி. சமையல் உப்பு உதவாது. கடல்நீரில் உள்ள மக்னீசியமும் கால்சியமும் கார்பனேட்டும் அதில் கிடையா. லிட்டருக்கு 35 கிராம் என்ற கணக்கில் 200 லிட்டருக்கு ஏறத்தாழ 7 கிலோ தேவைப்படும். ஒப்படர்த்தி 1.025 காட்ட வேண்டும். வீட்டு ஆர்.ஓ. கருவிகள் பலவற்றில், சுவைக்காகக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரைக் கலக்கும் அமைப்பு இருக்கிறது. அதை மூடிவிட்டு, டி.டி.எஸ். மீட்டரில் அளந்து பார்த்துப் பயன்படுத்துங்கள். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான். உப்பு தொட்டியிலேயே நிற்கும். ஆகவே குறைந்த அளவை நிரப்ப உப்பில்லாத ஆர்.ஓ. நீரையே ஊற்ற வேண்டும்.

எல்லாம் ஓடத் தொடங்கியபின் மீன் இல்லாமல் காத்திருக்கும் காலம் ஆரம்பமாகிறது. நுண்ணுயிர்களுக்கு இரை வேண்டுமே! அம்மோனியம் குளோரைடு 1.25 கிராம் போட்டால் 200 லிட்டரில் அம்மோனியா ஏறத்தாழ 2 பி.பி.எம். இருக்கும். உரித்த இறால் ஒன்றைப் போட்டு அழுகவிடும் பழைய முறையும் உண்டு. வேலை நடக்கும், வீடு நாறும். பாட்டிலில் விற்கும் நுண்ணுயிர்க் கரைசலைச் சேர்த்தால் காலம் குறையலாம். சேர்க்காவிட்டால் நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியா நல்ல சூழலில் 20 நிமிடத்தில் இரட்டிப்பாகும். அம்மோனியா தின்னும் இனங்களுக்குப் பல மணி நேரம், சிலவற்றுக்கு ஒரு நாள்கூட வேண்டும். அவற்றின் இரையில் ஆற்றல் அவ்வளவு குறைவு. எந்தக் கருவியாலும் இந்தத் தாமதத்தை முழுக்கப் போக்க முடியாது.

டெஸ்ட் கிட் வாங்கி இரண்டு நாளுக்கு ஒரு முறை அளந்து தாளில் எழுதி வாருங்கள். முதலில் அம்மோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும். பின்பு நைட்ரைட் இறங்கி நைட்ரேட் ஏறும். நன்னீர்மீன் வளர்த்துப் பழகியவர்கள் நைட்ரைட்டைக் கண்டு மிரளுவார்கள். கடல்நீரில் நிறைந்திருக்கும் குளோரைடு, செவுள் வழியே நைட்ரைட் நுழைவதைப் பெருமளவு தடுத்துவிடுவதால் இங்கே அதன் ஆபத்து குறைவு. ஆனாலும் அது பூஜ்யமாகும்வரை பொறுக்க வேண்டும். இரண்டாம் கூட்டம் குடியேறிவிட்டதற்கு அதுதான் அடையாளம். மறுபடி 2 பி.பி.எம். அம்மோனியா சேர்த்து 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டினால் தொட்டி தயார். சேர்ந்திருக்கும் நைட்ரேட்டைக் குறைக்க, மீன் விடுவதற்கு முன் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். அதன்பின் வாரம் பத்தில் ஒரு பங்கு மாற்றினால் போதும்.

முதல் மீனாகக் கோமாளி மீன் ஒரு சோடி ஏற்றது. மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் உள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மையங்களும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் இந்த இனத்தைக் குஞ்சு பொரிப்பகத்திலேயே வளர்த்துக் காட்டியிருக்கின்றன. கடையில் கேட்கும்போது, பிடித்த மீனா வளர்த்த மீனா என்று கேளுங்கள், வளர்த்ததையே வாங்குங்கள். இரண்டு மீனோடு இரண்டு வாரம் நிறுத்துங்கள். ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கே இரை போடுங்கள். அம்மோனியா பூஜ்யத்திலேயே நின்றால் மட்டும் மூன்றாவது மீனைப் பற்றி யோசியுங்கள்.