ஒற்றை நட்டுக்குப் பின்னால்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாடியிலிருந்து ஆவடி வரை சி.டி.எச். ரோட்டில் போகிறவர்கள் புல்லட் மெக்கானிக் கடையைக் கண்ணால் தேட வேண்டியதில்லை. காதே காட்டிக்கொடுத்துவிடும். அம்பத்தூரின் டி.என். 13, பூந்தமல்லியின் டி.என். 12 என்ற எண்களோடு வாசலில் நிற்கும் வண்டிகளில் பழைய 350கள் தனியாகத் தெரியும். ஒன்றில் டேங்க் மாறியிருக்கும், இன்னொன்றில் ஹேண்டில்பார் தோள் உயரத்துக்கு ஏறியிருக்கும், மற்றொன்றில் பின் மட்கார்டு பாதியாக வெட்டப்பட்டிருக்கும். எல்லாம் மாறினாலும், இடது பக்கம் என்ஜினையும் கியர் பாக்ஸையும் சேர்த்து மூடியிருக்கும் அந்த நீளமான அலுமினிய மூடி மட்டும் அப்படியே இருக்கும். வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறவர் சொல்வதும் பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான்: "அண்ணே, கிளட்ச் நழுவுது. பிளேட் மாத்திடுங்க."

நல்ல மெக்கானிக் உடனே ஸ்பானரை எடுக்க மாட்டார். கிளட்ச் லீவரை ஒற்றை விரலால் மெல்ல அசைத்துப் பார்ப்பார். கேபிள் இறுகுவதற்கு முன் லீவர் இரண்டு, மூன்று மில்லிமீட்டராவது சும்மா ஆட வேண்டும். அந்த 'ஃப்ரீ பிளே' இல்லையென்றால், கையை எடுத்த பிறகும் கேபிள் கிளட்ச்சை லேசாக அழுத்திக்கொண்டே இருக்கும். பிளேட்டுகள் முழுப் பிடிமானத்துக்கு வராமல் வழுக்கும், சூடேறும், தேயும். அப்படிப்பட்ட வண்டிக்குப் புது பிளேட் போட்டாலும் சில வாரங்களில் அதே புகாரோடு திரும்பி வரும். கேபிளில் இரண்டு சுற்றுத் திருகலில் தீர வேண்டிய விஷயத்துக்கு முழு செட் பிளேட்டும் கூலியும் கொடுத்தவர்கள் இந்தப் பக்கம் ஏராளம்.

முதலில், உள்ளே நடப்பது என்ன? என்ஜினின் கிராங்க் முனையில் 25 பல் ஸ்ப்ராக்கெட். அதிலிருந்து இரட்டை வரிசைச் செயின் ஒன்று பின்னால் போய், 56 பல் உள்ள பெரிய கிளட்ச் டிரம்மைச் சுற்றுகிறது. இதுதான் பிரைமரி டிரைவ். என்ஜின் 2.24 சுற்று சுற்றும்போது கிளட்ச் ஒரு சுற்று சுற்றும். வேகம் குறைகிறது, முறுக்குவிசை அதே அளவு கூடுகிறது. கிளட்ச் டிரம்முக்குள் உராய்வு பிளேட்டும் இரும்பு பிளேட்டும் மாறி மாறி, தட்டில் அடுக்கிய அப்பளம் போல இருக்கும். ஸ்பிரிங்குகள் அவற்றை அழுத்திப் பிடிக்கின்றன. லீவரைப் பிடித்தால் கியர் பாக்ஸ் ஷாஃப்ட்டின் நடுத் துளை வழியாக வரும் புஷ் ராட் பிரஷர் பிளேட்டைத் தள்ளுகிறது, அடுக்கு தளர்கிறது, என்ஜின் ஓடினாலும் சக்கரத்துக்குச் சக்தி போவதில்லை. பழைய வண்டிகளில் அந்த உராய்வு பிளேட்டில் தக்கைத் துண்டுகளைத்தான் பதித்திருந்தார்கள்.

இந்த அமைப்பு இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்தில் பிறந்தது. 1955இல் அந்நகரத்து நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை உருவாக்கியபின் திருவொற்றியூரில் வேரூன்றியது. ரெட்டிச் ஆலை மூடிப் பல பத்தாண்டுகள் ஆன பிறகும், அதே பிரைமரி செயினும் அதே கிளட்ச்சும் வட சென்னையிலிருந்து வந்துகொண்டே இருந்தன. அவற்றுக்குத் தேவையான கைத்திறன் மேற்குச் சென்னையில் திரண்டிருந்தது. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸும் டி.ஐ. டைமண்ட் செயினும், பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்.ஸும் வீல்ஸ் இந்தியாவும் சுந்தரம் ஃபாஸனர்ஸும், ஆவடியில் டாங்கி கட்டும் கனரக வாகனத் தொழிற்சாலையும் இருக்கும் வட்டாரம் இது. செயினும் போல்ட்டும் பேரிங்கும் இங்கே வீட்டுப் பேச்சு. அம்பத்தூர் எஸ்டேட்டிலோ திருமுல்லைவாயல் சிட்கோவிலோ ஒரு லேத் பட்டறைக்குப் போய், தேய்ந்த புஷ்ஷைக் காட்டி அளவுக்குக் கடைந்து வாங்கி வருவது இங்குள்ள மெக்கானிக்குக்குச் சாதாரணம். பழைய புல்லட்டைக் கஸ்டம் வண்டியாக மாற்றும் ஆசைக்கு இந்தப் பட்டறைகள்தான் முதுகெலும்பு.

கிளட்ச்சுக்கு இரண்டு வியாதிகள் உண்டு. ஒன்று நழுவுவது, மற்றொன்று ஒட்டுவது. இரண்டையும் குழப்பிக்கொண்டால் வைத்தியம் தலைகீழாகிவிடும். ஆக்ஸிலேட்டர் முறுக்கினால் என்ஜின் சத்தம் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை என்றால் நழுவுகிறது. லீவரை முழுதாகப் பிடித்தும் சிக்னலில் வண்டி முன்னால் நகரப் பார்க்கிறது, நியூட்ரல் விழ மறுக்கிறது, கியர் போட்டால் 'கடக்' என்று அடிக்கிறது என்றால் ஒட்டுகிறது. ஒட்டுவதை மெக்கானிக்குகள் 'டிராக்' என்பார்கள். முதலாவதற்குக் கேபிளைத் தளர்த்த வேண்டியிருக்கும், இரண்டாவதற்கு இறுக்க வேண்டியிருக்கும்.

நழுவுவதைக் கண்டுபிடிக்க ரோட்டுக்கே போக வேண்டாம். புல்லட்டில் கிக்கரின் உதை, கியர் பாக்ஸ் வழியாக, கிளட்ச் வழியாகத்தான் என்ஜினுக்குப் போகிறது. கம்ப்ரெஷனில் நிறுத்தி, கிக்கரின் மேல் எடையை வைத்தால், என்ஜின் சுற்றாமல் கிக்கர் மட்டும் வழுவழுவென்று கீழே இறங்கினால் கிளட்ச் நழுவுகிறது. கடகடவென்று பல் தாவும் சத்தத்தோடு இறங்கினால் குற்றவாளி கிக்கர் பாவல், கிளட்ச்சுக்குச் சம்பந்தமில்லை. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் எண்ணெய் பிசுபிசுப்பில் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதும் இயல்பு. அதனால்தான் பழைய ஆட்கள் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் லீவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை சும்மா உதைத்து, பிளேட்டைப் பிரித்துவிடுவார்கள்.

கேபிள், லீவர், கியர் பாக்ஸ் பக்கத்து அட்ஜஸ்ட்மென்ட் எல்லாம் சரியாக இருந்தும் வியாதி தீரவில்லை என்றால்தான் மூடியைத் திறக்க வேண்டும். இடது ஃபுட்ரெஸ்ட்டையும் பிரேக் பெடலையும் கழற்றி, கீழே ஒரு பழைய தட்டை வைத்து, மூடியின் நடுவே இருக்கும் ஒற்றை நட்டைத் திருப்புவார்கள். அவ்வளவு பெரிய மூடியையும் அந்த ஒரு நட்டும், ஓரத்தில் பதிந்த ரப்பர் வளையமும்தான் எண்ணெய் ஒழுகாமல் பிடித்து வைத்திருக்கின்றன. ஒழுகுகிறதே என்று நட்டை வெறிகொண்டு இறுக்கினால் மூடி வளையும், ஒழுகல் இன்னும் கூடும். ரப்பரை மாற்றுவதுதான் வழி.

தட்டில் கொட்டும் எண்ணெயே பாதிக் கதையைச் சொல்லிவிடும். தீய்ந்த வாடையோடு கறுத்திருந்தால், ஹாஃப் கிளட்ச்சில் ஓட்டிய வண்டி. அம்பத்தூர் எஸ்டேட் நெரிசலிலும், பூந்தமல்லிப் பாதையிலும் லீவரைப் பாதி பிடித்தபடியே ஊர்ந்தால் இரும்பு பிளேட்டுகள் நீலம் பாய்ந்து வளைந்துவிடும். எண்ணெய் பால் கலந்த டீ நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழை அம்பத்தூரையும் கொரட்டூரையும் மூழ்கடித்ததே, அப்படித் தண்ணீரில் நின்ற எந்த வண்டியையும் இந்த எண்ணெயைப் பார்க்காமல் ஸ்டார்ட் செய்யக் கூடாது. கார் என்ஜினுக்கான வழுவழுப்பு கூட்டிய எண்ணெயை ஊற்றியிருந்தாலும் பிளேட் நழுவும். எண்ணெய்க்குள் மூழ்கி ஓடும் கிளட்ச்சுக்கு 'ஜாசோ எம்ஏ' என்று டப்பாவில் அச்சிட்ட எண்ணெய்தான் பொருத்தம்.

அடுத்த சாட்சி ஆல்டர்னேட்டரின் ரோட்டர். அது காந்தம், இந்த எண்ணெய்க்குள்ளேயே சுற்றுகிறது. எங்கே இரும்பு தேய்ந்தாலும் அதன் தூள் இங்கே வந்து ஒட்டிக்கொள்ளும். மெக்கானிக் ரோட்டரை விரலால் வழித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். சாம்பல் போல மெல்லிய பசை என்றால் வழக்கமான தேய்மானம். மின்னும் செதில்கள் என்றால் செயினையும் பல்லையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். ரோட்டர் நடுவில் நிற்காமல் ஸ்டேட்டரில் உரசினாலும் 'கிர்ர்' என்று ஒரு சத்தம் வரும். அதைக் கிளட்ச் சத்தம் என்று எண்ணி பிளேட் மாற்றிய கதைகளும் உண்டு. ஃபீலர் கேஜை இடைவெளியில் சுற்றிலும் விட்டுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

செயினின் தொய்வு கால் அங்குலம், அதாவது ஆறு மில்லிமீட்டர் அளவு இருக்க வேண்டும். அந்தக் காலத்து மற்ற பல இங்கிலாந்து வண்டிகளில் கியர் பாக்ஸையே பின்னால் தள்ளி இந்தச் செயினை இறுக்கலாம். புல்லட்டில் கியர் பாக்ஸ் என்ஜினோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருப்பதால் அந்த வழி இல்லை. கீழே இருக்கும் வளைந்த ஸ்லிப்பர்தான் செயினைத் தாங்கி இறுக்குகிறது. ஒரே இடத்தில் அளந்துவிட்டு மூடினால் தவறு. தேய்ந்த செயின் ஓரிடத்தில் தொங்கும், இன்னோரிடத்தில் விறைக்கும். என்ஜினை மெல்லச் சுற்றி, மிக விறைப்பான இடத்தில்தான் ஆறு மில்லிமீட்டர் வைக்க வேண்டும். தொய்வைவிட விறைப்பு மோசம்: தொய்ந்த செயின் சத்தம் போடும், விறைத்த செயின் சத்தமில்லாமல் பேரிங்கைத் தின்றுவிடும்.

பிளேட்டை மாற்றி ஸ்பிரிங்குகளைப் போட்ட பிறகும் ஒரு சோதனை மிச்சம் இருக்கிறது. மூடியைப் போடாமல், ஒருவர் லீவரைப் பிடிக்க, மற்றவர் கிக்கரை மெல்ல அழுத்தி, பிரஷர் பிளேட் சுற்றுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். அது தட்டையாகச் சுற்றினால் நல்லது. பம்பரம் போலத் தள்ளாடினால் ஸ்பிரிங்குகளின் பலம் ஒரே மாதிரி இல்லை. ஒரு பக்கம் பிரியாமல் ஒட்டும், நியூட்ரல் விழாது. ஸ்பிரிங்குகளை இடம் மாற்றியோ, சோர்ந்ததன் அடியில் மெல்லிய வாஷர் வைத்தோ அதைச் சமன் செய்வார்கள். பத்து நிமிட வேலைதான். இதைச் செய்கிறவர், செய்யாதவர் என்றுதான் இந்த வட்டாரத்தில் புல்லட் மெக்கானிக்குகளைத் தரம் பிரிக்க வேண்டும்.

கஸ்டம் வண்டியில் இதற்கு மேலும் சில சிக்கல்கள் சேர்கின்றன. ஹேண்டில்பாரை உயர்த்தியவர் கேபிளை நீட்டியிருக்க மாட்டார். ஹேண்டிலைத் திருப்பும்போதெல்லாம் கேபிள் இழுபட்டு, வளைவில் மட்டும் கிளட்ச் நழுவும். தாழ்த்தியவர் மிஞ்சிய கேபிளைச் சுருட்டிக் கட்டியிருப்பார். உள்கம்பி உரசி, லீவர் கனக்கும், டிராக் வரும். சிலிண்டரின் போரைப் பெரிதாக்கி என்ஜின் பலத்தைக் கூட்டினால் பழைய ஸ்பிரிங் தாங்காது. கடினமான ஸ்பிரிங் போட்டால் நெரிசலில் இடது மணிக்கட்டு தாங்காது. செயினுக்குப் பதில் திறந்த பெல்ட் போடும் ஆசையும் சிலருக்கு உண்டு. எண்ணெய் இல்லை, எடை குறைவு, பார்க்க அழகு, எல்லாம் சரி. ஆனால் வேட்டியும் சேலையும் துப்பட்டாவும் உரசும் ஊரில் மூடியில்லாமல் சுற்றும் பெல்ட் ஆபத்தானது. காவலுக்கு ஒரு தகடு இல்லாமல் அதை ரோட்டுக்குக் கொண்டுவரவே கூடாது. தவிர, பதிவுச் சான்றில் உள்ள உற்பத்தியாளரின் அமைப்பை மாற்றி வண்டி ஓட்ட முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. சேசிஸில் கை வைப்பதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது.

2009க்குப் பிறகு பரவலான, என்ஜினும் கியர் பாக்ஸும் ஒரே கூட்டில் அமைந்த யு.சி.இ. என்ஜின்களில் என்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே எண்ணெய். 2020இல் வந்த மீட்டியோர் 350 முதல், புதிய 350களில் பிரைமரி செயினே போய், கியர் வந்துவிட்டது. ஸ்லிப்பரை இறுக்கத் தெரிந்த கைகள் இனிக் குறையத்தான் செய்யும்.

பழைய 350 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கிளட்ச் நழுவினால், கடைக்குப் போவதற்கு முன் லீவரில் மூன்று மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். பிளேட் மாற்றித்தான் ஆக வேண்டும் என்று மெக்கானிக் சொன்னால் பக்கத்தில் நின்று, கழற்றிய பழைய பிளேட்டைக் கையில் கேட்டு வாங்கிப் பாருங்கள்.