பட்டம் வாங்கிய பிறகு யோசிக்கலாமா?

கல்யாண வீட்டில் பந்தி முடிந்து வெற்றிலை போடும் சமயத்தில் இந்தச் சம்பாஷணையை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

"பையன் என்ன படிக்கிறான்?"

"பி.எஸ்ஸி. கடைசி வருஷம்."

"பேஷ்! அப்புறம்?"

"முதலில் பட்டம் கைக்கு வரட்டும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்."

இந்த "அப்புறம்" என்ற சொல்லில்தான் ஆபத்து இருக்கிறது. தகப்பனார் கடன் வாங்கியும், தாயார் வளையலை அடகு வைத்தும் மூன்று வருஷம் படிக்க வைக்கிறார்கள். பட்டம் வந்துவிடுகிறது, வழிதான் தெரிவதில்லை. கண்ணில் பட்ட விளம்பரத்துக்கெல்லாம் விண்ணப்பம் போடுவதிலேயே இரண்டு மூன்று வருஷங்கள் கழிந்துவிடுகின்றன. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை இந்தத் தாமதத்தைத் தாங்குவான். கடனை அடைக்க வேண்டிய வீட்டுப் பிள்ளை என்ன செய்வான்? பெண்ணாக இருந்தாலோ, "வேலைதான் கிடைக்கவில்லையே" என்று கல்யாணத்தைப் பேசி முடித்துவிடுகிறார்கள்.

பாஸ்டனில் ஓர் ஆலோசகர்

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய தொல்லை அல்ல. அமெரிக்காவில் ஃபிராங்க் பார்சன்ஸ் என்று ஒருவர் இருந்தார். எஞ்சினீயரிங் படித்தவர்; பிறகு பள்ளி ஆசிரியர், வக்கீல் என்று பல தொழில்களைப் பார்த்தவர். வாலிபர்களுக்குத் தொழில் ஆலோசனை சொல்வதற்கென்றே 1908-ம் ஆண்டில் பாஸ்டன் நகரத்தில் ஒரு நிலையத்தைத் தொடங்கினார். அதே வருஷம் அவர் காலமாகிவிட்டார். அவர் எழுதி வைத்த புத்தகம் 1909-ல் வெளிவந்தது.

அவருடைய யோசனையின் சாரம் மூன்றே விஷயங்கள்தான். முதலில் உன்னை நீ தெரிந்துகொள். அடுத்து, தொழில்களைத் தெரிந்துகொள். பிறகு இரண்டையும் பொருத்திப் பார்த்து முடிவு செய். நம் வீடுகளில் முதல் இரண்டையும் தாண்டி, நேரே முடிவுக்கு வந்துவிடுகிறோம். "எதிர் வீட்டுப் பையன் கம்ப்யூட்டர் படித்தான், நீயும் படி" என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது!

முதல் வருஷத்திலேயே விசாரியுங்கள்

தொழிலை அறிவது என்றால் அதன் சம்பளத்தை அறிவது மட்டும் அல்ல. அதற்குள் நுழைய என்ன படிப்பு, எத்தனை வயது, எவ்வளவு காலம் என்று கணக்குப் பார்ப்பது.

பி.காம். முடித்த பிறகு சி.ஏ. படிப்பைப் பற்றி விசாரிக்கிறவர்கள் உண்டு. பிளஸ் டூ தேறியவர்களே அதன் அடிப்படைத் தேர்வை எழுதலாம். கல்லூரியில் படித்துக்கொண்டே அந்தப் பாதையில் பாதி தூரம் போயிருக்கலாமே!

கலெக்டராக ஆசைப்படும் மாணவர் எத்தனையோ பேர். ஐ.ஏ.எஸ். உள்ளிட்ட குடிமைப் பணித் தேர்வை எழுத 21 வயது நிரம்ப வேண்டும். பொதுப் பிரிவினருக்கு உச்ச வயது 32. எழுதக்கூடிய தடவை 6. பட்டப்படிப்பின் கடைசி வருஷத்தில் இருப்பவர்களும் முதல்நிலைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம். இதைக் கல்லூரியில் சேரும்போதே அறிந்தவனுக்கும், பட்டம் வாங்கிய பிறகு அறிந்தவனுக்கும் எத்தனை வித்தியாசம்!

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வுக்கோ பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே குறைந்தபட்சத் தகுதி. ஆகவே பட்டதாரியோடு பத்தாவது தேறியவரும் போட்டியில் நிற்கிறார். பட்டம் மட்டுமே கைகொடுக்கும் என்று அங்கே இருந்துவிட முடியாது.

இன்னொரு வழி தொழில் பழகுநர் பயிற்சி. இதற்கான சட்டம் 1961-ல் வந்தது. எஞ்சினீயரிங் படிக்காத பட்டதாரிகளுக்கும் 2014-ம் ஆண்டுத் திருத்தம் இதில் இடம் கொடுத்தது. உதவித்தொகை வாங்கிக்கொண்டே வேலை பழகலாம். பி.ஏ. மாணவர்களில் பலர் இதை எஞ்சினீயர்களின் சமாசாரம் என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள்.

மூன்று வருஷம், மூன்று வேலை

முதல் வருஷத்தில், பிடித்த தொழில் மூன்றைக் குறித்துக்கொண்டு, அந்தத் தொழில்களில் இருப்பவர்களை நேரில் கண்டு பேசுங்கள். அவர்களுடைய ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்று கேளுங்கள். இரண்டாம் வருஷத்து விடுமுறையில் ஒரு மாதமாவது ஆபீஸிலோ, பட்டறையிலோ, ஆடிட்டரிடமோ வேலை பழகுங்கள். நமக்கு எது ஒத்துவராது என்று தெரிந்துகொண்டாலும் லாபமே. மூன்றாம் வருஷத்தில் முடிவு செய்து தயாராகுங்கள்.

கூடவே ஒரு கெடுவும் வையுங்கள். போட்டித் தேர்வுக்கு இரண்டு வருஷம் என்றால், இரண்டே வருஷம். அது கைகூடாவிட்டால் அடுத்து எந்த வேலை என்பதையும் இப்போதே எழுதி வையுங்கள். இது அவநம்பிக்கை ஆகாது. வெள்ளத்துக்கு முன் அணை போடும் ஜாக்கிரதைதான். கெடு வைக்காமல் தேர்வு எழுதிக்கொண்டே முப்பது வயதைத் தாண்டியவர்களை நம் தெருவிலேயே காணலாம்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த கல்யாணத்தில், கடைசி வருஷத்துப் பிள்ளையை விட்டுவிட்டு, இப்போதுதான் கல்லூரியில் சேர்ந்த பிள்ளையிடம் "அப்புறம்?" என்று கேளுங்கள். நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள். அவனோ அவளோ சற்று யோசித்துத் தானே சொல்லட்டும்.