காஸ் அடுப்பில் ‘டிக் டிக்’ ஒலி நிற்காவிட்டால்

பால் பொங்கி வழிந்த பின்னரோ, அடுப்பை ஈரத்துணியால் துடைத்த பின்னரோ, தீ பற்றிய பிறகும் ‘டிக் டிக்’ என்னும் ஒலி தொடர்ந்து கேட்பதுண்டு. பெரும்பாலும் ஈரமே இதற்குக் காரணம், வீட்டிலேயே சரிசெய்துகொள்ளலாம். ஆயினும், ஒவ்வொரு ஒலியும் ஒரு மின்பொறி. ஆகவே, எதையும் தொடுவதற்கு முன் காஸ் மணம் வீசுகிறதா என்று கவனித்தல் வேண்டும்.

காஸ் மணம் வீசினால்

மின் ஆளிகளை இயக்கவோ, அடுப்பின் மின்செருகியைப் பிடுங்கவோ கூடாது. அவையும் பொறியை உண்டாக்கும். சன்னல்களைத் திறந்து, காஸ் குழாயை மூடி, அனைவரும் வெளியேற வேண்டும். மின்தூக்கியையும் அழைப்பு மணியையும் தவிர்த்து, அயலவரைக் கதவில் தட்டி எச்சரிக்கலாம். கட்டடத்துக்கு வெளியே சென்ற பின்னரே தொலைபேசியைப் பயன்படுத்த வேண்டும். குழாய்வழிக் காஸுக்கான ஜி.ஆர்.டி.எஃப். அவசர இலக்கம் 0 800 47 33 33. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தீயணைப்புப் படையின் இலக்கம் 18. 112 இலக்கத்தையும் அழைக்கலாம். ‘ஓடர் து காஸ்’ என்று கூறி முகவரியைத் தெரிவித்தால் போதுமானது.

ஒலி ஏன் நிற்பதில்லை?

குமிழை அழுத்தும்போது அதன் அடியிலுள்ள சிறிய ஆளி பொறியை இயக்குகிறது. அங்கு நீர் புகுந்தால், கையை எடுத்த பின்னும் அது அழுத்தப்பட்டது போலவே செயற்படும். பல அடுப்புகளில் ஒரு குமிழ் இயங்கினாலே எல்லாப் பர்னர்களிலும் பொறி தோன்றுமாகையால், ஒலி வரும் பர்னரில்தான் பழுது என்று கொள்ள முடியாது. பொறிமுனையில் படிந்த எண்ணெயும் உணவுத்துகளும், சரியாகப் பொருந்தாத பர்னர் மூடியும் பொறியைப் பாதிக்கும்.

காஸ் மணம் இல்லையெனில்

1. குமிழ்களையும் காஸ் குழாயையும் மூடி, மின் இணைப்பைத் துண்டித்து, அடுப்பை ஆறவிடவும்.
2. பர்னர் மூடிகளைக் கழற்றிச் சவர்க்கார நீரில் கழுவி, துவாரங்களிலும் ஈரமின்றி உலர்த்தவும்.
3. வெண்ணிறப் பீங்கான் சூழ்ந்த பொறிமுனையை உலர்ந்த பல்துலக்கியால் மெதுவாகத் துடைக்கவும். நீர் தெளிக்கலாகாது.
4. எளிதில் கழலக்கூடிய குமிழ்களாயின், அவற்றைக் கழற்றி அடியிலுள்ள ஈரத்தை ஒற்றி எடுத்து, சில மணி நேரம் காற்றாட விடவும்.
5. மூடிகளைச் சரியாகப் பொருத்திய பின் மின்சாரத்தை இணைக்கவும். ஒலி எழாவிட்டால் காஸைத் திறந்து பற்றவைக்கவும். 15 விநாடிகளுக்குள் தீ பற்றாவிடில், குமிழை மூடி, ஒரு நிமிடமாவது பொறுத்து மீண்டும் முயலவும்.

ஒரு நாள் உலரவிட்ட பின்னும் ஒலி தொடர்ந்தாலோ, பீங்கான் வெடித்திருந்தாலோ, ஆளியையோ பொறிமுனையையோ மாற்ற நேரிடலாம். அடுப்பின் அடிப்பாகத்தைத் தாமே திறவாது, தகுதிபெற்ற திருத்துநரை அழைத்தல் வேண்டும்.

வாடகைக் குடியிருப்பாளர் கவனத்துக்கு

அடுப்பை இணைக்கும் நெகிழ்குழாயைக் காலத்துக்குக் காலம் மாற்றுவதும், காற்றுத் துவாரங்களைத் துப்புரவாக வைத்திருப்பதும், 1987 ஆகஸ்ட் 26ஆம் திகதிய 87-712 இலக்க ஆணையின்படி வாடகைக்கு இருப்பவரின் பொறுப்பாகும். நெகிழ்குழாயில் காலாவதி ஆண்டு அச்சிடப்பட்டிருந்தால், அடுப்பைத் துப்புரவு செய்யும்போதே அதனையும் பார்த்துக்கொள்வது நன்று. குளிருக்கு அஞ்சிக் காற்றுத் துவாரங்களை ஒருபோதும் அடைக்கலாகாது.