பந்தெறிவாளர் ஒருவரின் விலை

ஒரு சனிக்கிழமை இடைவேளையின்போது ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் என்னிடம் வந்து, "சேர், தோற்றுக்கொண்டேயிருக்கும் அணியிடமிருந்து ஏன் ஒரு பந்தெறிவாளரை வாங்குகிறார்கள்? அவர் கெட்டிக்காரர் என்றால் அந்த அணி ஏன் தோற்கிறது?" என்று கேட்டான். ஊரில் கிரிக்கெற்றையும் உதைபந்தாட்டத்தையும் மட்டுமே அறிந்திருந்த எனக்கு உடனே விடை கூற இயலவில்லை. பின்னர் தேடி அறிந்துகொண்டவற்றை இம்மலரில் எழுதுகின்றேன். பிள்ளைகளுக்கு நன்கு தெரிந்த இவ்விளையாட்டைப் பெற்றோரும் விளங்கிக்கொள்ள இக்கட்டுரை உதவுமாயின் மகிழ்வேன்.

பேஸ்போல் ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸ்களைக் கொண்டது. ஒவ்வோர் இன்னிங்ஸிலும் இரண்டு அணிகளும் ஒவ்வொரு முறை துடுப்பெடுத்தாடும். மூவர் ஆட்டமிழந்ததும் முறை மாறும். கிரிக்கெற்றில் ஆறு பந்துகளுக்கு ஒருமுறை பந்து வேறொருவரின் கைக்குப் போகும். ஓய்வெடுத்தவர் பின்னர் மீண்டும் வந்து வீசலாம். பேஸ்போலில் அவ்வாறன்று. ஒருவரே தொடர்ந்து எறிவார். ஆட்டத்திலிருந்து ஒருமுறை எடுக்கப்பட்டவர் அந்த ஆட்டத்தில் மீண்டும் இறங்க முடியாது. ஏறத்தாழ நூறு பந்துகளை எறிந்ததும் தொடக்கப் பந்தெறிவாளரின் கை தளர்ந்துவிடும். அப்போது பெரும்பாலும் ஐந்தாவது அல்லது ஆறாவது இன்னிங்ஸ் நடந்துகொண்டிருக்கும். எஞ்சிய பகுதியைக் காக்க வருபவரையே 'றிலீஃப் பிச்சர்' என்பர். நாம் அவரை மாற்றுப் பந்தெறிவாளர் என்று அழைப்போம்.

மாணவர்களுக்கு இங்கே ஒரு சிறு கணக்கு. ஓர் அணி ஆண்டொன்றுக்கு 162 ஆட்டங்கள் ஆடுகின்றது. அப்படியானால் ஏறத்தாழ 1,458 இன்னிங்ஸ்களுக்கு அவ்வணி பந்தெறிய வேண்டும். ஒரு மாற்றுப் பந்தெறிவாளர் எறிவதோ 60 அல்லது 70 இன்னிங்ஸ்கள் மாத்திரமே. இது நூற்றுக்கு ஐந்து வீதத்திலும் குறைவு. ஆயினும் அவர் எறியும் வேளை எதுவென்று பாருங்கள். எட்டாவது அல்லது ஒன்பதாவது இன்னிங்ஸ். தன் அணி ஓர் ஓட்டத்தினால் மட்டும் முன்னே நிற்கின்றது. எதிரணியினர் இருவர் தளங்களில் நிற்கின்றனர். மூன்று மணி நேர உழைப்பு முழுவதும் அந்தச் சில பந்துகளில் தங்கியிருக்கின்றது.

மாணவனின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கின்றது. மாற்றுப் பந்தெறிவாளர் வீட்டுக்குப் பூட்டுப் போன்றவர். உள்ளே பொருள் இருந்தாற்றான் பூட்டுக்கு வேலை. ஓட்டங்களைக் குவிக்க இயலாத அணியொன்று முன்னணியில் நிற்பதே அரிது. அவ்வணியில் எவ்வளவு சிறந்த பூட்டு இருந்தாலும் காப்பதற்கு உள்ளே ஒன்றுமில்லை. வெற்றியை நெருங்கிக்கொண்டிருக்கும் அணிக்கோ வீடு நிறையப் பொருள் உண்டு. கதவுதான் சரியாகப் பூட்டப்படவில்லை. ஆகவே ஒரே மனிதர் ஓரிடத்தில் மிகையாகவும் மற்றோரிடத்தில் இன்றியமையாதவராகவும் இருக்கின்றார். யூலை மாத இறுதியில், பரிமாற்றத்துக்குரிய கடைசி நாள் நெருங்கும்போது, இவ்விரு அணிகளும் பேரம் பேசுகின்றன.

இப்பரிமாற்றம் பெரும்பாலும் பணத்துக்கு நடப்பதில்லை. அது ஒரு பண்டமாற்று. தோற்கும் அணி கேட்பது, இன்னும் பெயர் பெறாத இளம் வீரர்களை. அவர்கள் மைனர் லீக் என்னும் பயிற்சிக் களங்களில் வளர்ந்துகொண்டிருப்பவர்கள். எங்கள் கமக்காரர் மொழியிற் கூறுவதானால், வெல்லும் அணி இன்று உண்பதற்கு நெல் கேட்கின்றது. தோற்கும் அணி அதற்கு ஈடாக விதைநெல் கேட்கின்றது.

இதற்கு மிகவும் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு 1990இல் நிகழ்ந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் இறுதியில் பொஸ்ரன் ரெட் சொக்ஸ் அணி தன் பிரிவில் முன்னணியில் நின்றது. எங்கள் ரொறன்ரோ புளூ ஜேஸ் அணி அதனைத் துரத்திக்கொண்டிருந்தது. பின்தங்கிக் கிடந்த ஹியூஸ்ரன் அஸ்ரோஸ் அணியிடமிருந்து லாரி அண்டர்சன் என்னும் 37 வயது மாற்றுப் பந்தெறிவாளரைப் பொஸ்ரன் பெற்றது. அவர் 22 இன்னிங்ஸ்கள் எறிந்தார்; அவர் கணக்கிற் சேர்ந்த ஓட்டங்கள் மூன்றே. ரொறன்ரோவை இரண்டே இரண்டு ஆட்டங்களால் முந்திப் பொஸ்ரன் பிரிவை வென்றது. அந்தச் சிறிய வேறுபாட்டில் அண்டர்சனுக்குப் பங்கில்லை என்று கூறிவிட முடியாது. ஆயினும் அடுத்த சுற்றில் ஓக்லண்ட் அணியிடம் நான்கு ஆட்டங்களிலும் பொஸ்ரன் தோற்றது. அண்டர்சனும் அவ்வாண்டுடன் வேறு அணிக்குச் சென்றுவிட்டார்.

அவருக்கு ஈடாகக் கொடுக்கப்பட்டவர் ஜெஃப் பக்வெல் என்னும் 22 வயது இளைஞர், பொஸ்ரனிலேயே பிறந்தவர். அவர் ஆடும் இடத்தில் வேட் பொக்ஸ் என்னும் பெருவீரர் ஏற்கெனவே இருந்தமையால் பக்வெல் மிகையாகத் தோன்றினார். அவர் 1991இல் சிறந்த புதுமுக வீரராகவும், 1994இல் தம் லீக்கின் மிகச் சிறந்த வீரராகவும் தெரிவானார். பதினைந்து ஆண்டுகள் ஹியூஸ்ரனுக்கே ஆடி 449 ஹோம் ரன்கள் அடித்தார். 2017இல் பேஸ்போலின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார். ஒரு மாதப் பசிக்குப் பதினைந்து ஆண்டு விளைச்சல் விலையாகிவிட்டது.

அதே பொஸ்ரன் ஏழு ஆண்டுகளின் பின் பேரத்தின் மறுபக்கத்தில் அமர்ந்தது. 1997இல் தோற்றுக்கொண்டிருந்த அணி அதுதான். முன்னணியில் நின்ற சியாற்றில் மரினேர்ஸ் அணிக்கு ஒரு மாற்றுப் பந்தெறிவாளர் அவசரமாகத் தேவைப்பட்டார். பொஸ்ரன் ஹீத்கிளிஃப் சுலோகம் என்பவரைக் கொடுத்து, டெரெக் லோ என்னும் பந்தெறிவாளரையும் ஜேசன் வரிற்றெக் என்னும் பந்து பிடிப்பவரையும் பெற்றது. சியாற்றில் அவ்வாண்டு முதற் சுற்றிலேயே வெளியேறியது. 1918இன் பின் 2004இல் முதன்முறையாகப் பொஸ்ரன் உலகத் தொடரை வென்றபோது, அந்த இளைஞர் இருவரும் அவ்வணியின் தூண்களாக நின்றனர்.

அப்படியாயின் இத்தகைய பரிமாற்றம் எப்போதும் அறிவீனமா? இல்லை. 1992 யூலை இறுதியில் ரொறன்ரோ, சரிவில் இருந்த கலிபோர்னியா ஏஞ்சல்ஸ் அணியிடமிருந்து மார்க் ஐக்ஹோர்ன் என்னும் மாற்றுப் பந்தெறிவாளரைப் பெற்றது. ஈடாகக் கொடுத்தது கிறெக் மையேர்ஸ், றொப் டூசி ஆகிய இருவரை. மையேர்ஸ் பந்து பிடிப்பவர். அவ்விடத்தில் ரொறன்ரோவிடம் பற் போர்டேர்ஸ் இருந்தார். டூசி வெளிக்கள வீரர். அங்கே ஜோ கார்ட்டரும் டெவன் வைற்றும் இருந்தனர். கடைசி இன்னிங்ஸ்களைக் காக்க ரொம் ஹென்கியும் டுவேன் வார்டும் ஏற்கெனவே இருக்க, ஐக்ஹோர்ன் மேலுமொரு கையாகச் சேர்ந்தார். அவ்வாண்டு ரொறன்ரோ உலகத் தொடரை வென்றது. கனேடிய அணியொன்று அதனை வென்றது அதுவே முதன்முறை. அங்கே கொடுக்கப்பட்டது விதைநெல்லன்று. மேலதிகமாக இருந்த நெல்.

இதில் நாம் மறக்கக்கூடாத ஒன்றுண்டு. நெல்லென்றும் பூட்டென்றும் நான் எழுதினாலும், கைமாறுபவர்கள் மனிதர்கள். ஒரு தொலைபேசி அழைப்பு வருகின்றது. அடுத்த நாள் வேறு நகரம், வேறு சட்டை. மனைவி மக்கள் பின்னர் வந்து சேர்வர். விரும்பாமலே ஊர் மாறுவது எத்தகையது என்பதை எங்கள் வீடுகளில் விளக்க வேண்டியதில்லை. சென் லூயிஸ் அணிக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆடிய கேர்ட் ஃபிளட் என்னும் கறுப்பின வீரர், 1969இல் தம்மைக் கேளாமலே பிலடெல்பியாவுக்கு மாற்றியதை ஏற்க மறுத்து வழக்குத் தொடுத்தார். 1972இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அவரது விளையாட்டு வாழ்வும் அத்துடன் முடிந்துபோயிருந்தது. ஆனால் மறு ஆண்டே, பத்து ஆண்டுகள் ஆடி, அவற்றுள் இறுதி ஐந்தை ஓர் அணியிலேயே கழித்த வீரரை அவரது சம்மதமின்றி மாற்ற முடியாதென்ற விதி உருவாயிற்று. தாம் தோற்று, பின்வந்தோரை வெல்லவைத்தவர் அவர்.

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல் என்னும் இரண்டு அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்திருப்பதை மாணவர்கள் அறிவர். பரிமாற்றத்தில் இறங்கும் அணிக்கு வேண்டியவையும் இவ்விரண்டுமே. எனக்கு இப்போது தேவைப்படுவது எது? அது எத்தனை நாளைக்குத் தேவை? அதற்காக நான் கொடுப்பது மிகையானதா, நாளைய விளைச்சலா?

சோதனைக் காலம் வரும்போது, "சேர், தமிழ் வகுப்பைச் சிறிது காலம் நிறுத்தட்டுமா?" என்று பெற்றோர் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. வேண்டாமென்று நான் கட்டளையிடுவதில்லை. இந்த மூன்று கேள்விகளையும் வீட்டில் பிள்ளையுடன் இருந்து பேசிப் பார்க்கும்படி மட்டுமே கூறுகின்றேன். பேஸ்போல் தெரிந்த பிள்ளைக்கு அவை எளிதில் விளங்கும்.