ஷிஃப்ட் மாறும் நேரத்து டீக்கடை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் மாறும் நேரம். டீக்கடையில் ஒரே மூச்சில் நாற்பது பேர் வந்து நின்றார்கள். மாஸ்டர் அசரவில்லை. என் எதிரில் இருந்த தம்பிக்குத்தான் முகம் வாடியிருந்தது.

அவனுக்கு அங்கேயே ஒரு கம்பெனியில் வேலை. பூண்டி, புழல், கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை ஏரிகளின் நீர்மட்டத்தை எளிய தமிழில் போட ஒரு சின்ன இணையதளம் தொடங்கியிருக்கிறான். தினம் அறுபது எழுபது பேர் பார்ப்பார்கள். போன மழையில் யாரோ வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பிவிட, ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தார்கள். தளம் படுத்துவிட்டது. பூண்டியில் தண்ணீர் திறந்துவிட்டார்களா என்று கொசஸ்தலை ஆற்றங்கரைக்காரர்கள் பதறித் தேடிய ராத்திரி அது.

“பெரிய சர்வர் வாங்கிடலாமாண்ணா?”

“முதல்ல மாஸ்டரைப் பாரு” என்றேன்.

டிகாஷன் தயார். பால் கொதித்தபடி இருக்கிறது. கேட்டவருக்குக் கலந்து ஆற்றித் தருவது மட்டும்தான் வேலை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தூள் போட்டுக் கொதிக்க வைத்தால் ஐந்தாவது ஆளிலேயே கடை நின்றுபோகும். தம்பியின் வேர்ட்பிரஸ் தளம் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவர் பக்கத்தைத் திறந்தால், நிரல் ஓடி, தரவுத்தளத்தைத் தேடி, பக்கத்தை முதலிலிருந்து கட்டித் தரும். அடுத்தவருக்கும் அதே பக்கம், அதே உழைப்பு.

காகிதத்தில் போட்டுக் காட்டினேன். ஒரு பக்கம் தயாராக அரை விநாடி. ஒரே நேரத்தில் பத்துப் பக்கம்தான் தயாரிக்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு இருபது பேருக்குக் கொடுக்கலாம். விநாடிக்கு நூறு பேர் வந்தால் ஒவ்வொரு விநாடியும் எண்பது பேர் நிற்பார்கள். ஒரு நிமிடத்தில் வரிசை 4,800. பொறுமையிழந்தவர் மறுபடி அழுத்துவார். பழைய கோரிக்கையும் உள்ளேயே கிடக்கும், புதியதும் சேரும். தளத்தைச் சாய்ப்பதில் இந்த மறு அழுத்தத்துக்கும் பங்கு உண்டு.

இதற்கு மருந்து கேஷ். ஒருமுறை கட்டிய பக்கத்தை அப்படியே எடுத்து வைத்து எல்லோருக்கும் கொடுப்பது. “நீர்மட்டம் மாறிக்கிட்டே இருக்குமே?” என்று கேட்டான். நல்ல கேள்வி. அந்தப் பிரதியின் ஆயுளை ஐந்து நிமிடம் என்று வைத்தால் போதும். விநாடிக்கு நூறு பேர் வந்தாலும் அந்த ஐந்து நிமிடத்தின் 30,000 பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு சமையல். கிளவுட்ஃப்ளேர் போன்ற சேவையை முன்னால் நிறுத்தினால் அந்தப் பிரதியையும் அவர்களே தங்கள் ஊர் ஊரான சர்வர்களிலிருந்து கொடுத்துவிடுவார்கள். ஆனால் இயல்பாக அது படங்களையும் வடிவக் கோப்புகளையும்தான் சேமிக்கும். பக்கத்தையே சேமிக்கத் தனியாக விதி எழுத வேண்டும். பலர் இங்கேதான் ஏமாந்துபோகிறார்கள்.

முன்கூட்டிச் சமைக்க முடியாதவையும் உண்டு. 2021 ஏப்ரல் 28 மாலை 4 மணிக்கு 18 வயது நிறைந்தவர்களுக்குக் கொரோனா தடுப்பூசிப் பதிவு திறந்தபோது, கோவின் தளத்துக்கு நிமிடத்துக்கு 27 லட்சம் கோரிக்கைகள் வந்ததாக அரசு சொன்னது. அங்கே ஒவ்வொருவருக்கும் தனி ஓடிபி, தனிப் பதிவு. ஒருவருக்குச் செய்ததை அடுத்தவருக்குக் கொடுக்க வழியில்லை. பிளஸ் டூ முடிவுநாளும் ஒரே நொடியில் திரளும் கூட்டம்தான். 2024-இல் எழுதியவர்கள் ஏழரை லட்சத்துக்கு மேல். அதற்குத் தேர்வுத்துறை கூட்டத்தைப் பிரித்துவிடுகிறது: ஒன்றுக்கு மேற்பட்ட தளங்கள், மாணவரின் கைபேசிக்கே குறுஞ்செய்தி. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இந்தக் குறுஞ்செய்தி. கிராமத்துப் பிள்ளை எந்தத் தளத்தின் வாசலிலும் காத்திருக்க வேண்டியதில்லை.

‘தமிழ்நாடு வெதர்மேன்’ பிரதீப் ஜான் புயல் நாட்களில் ஃபேஸ்புக்கில் வானிலை எழுதுவதிலும் ஒரு வசதி இருக்கிறது. கூட்டத்தின் பாரத்தை அந்த நிறுவனத்தின் சர்வர்களே சுமக்கும். தம்பியும் தளத்தில் போடும் அதே நான்கு வரியை அங்கேயும் போட்டு வைக்கலாம்.

கடைசியாக அவன் முகப்புப் படத்தைப் பார்த்தேன். ஏரியின் அழகான படம், 2 எம்பி. 50,000 பேர் பார்த்தால் 100 ஜிபி. அதையே 200 கேபி ஆக்கினால் 10 ஜிபி. மழை ராத்திரியில் சிக்னல் ஒரு கோட்டில் ஊசலாடும் வீட்டுக்கு அந்த 200 கேபியும் கனம்தான்.

“அப்போ மழைக்காலத்துல படமே வேணாம்ணா, எண் மட்டும் பெருசா வரட்டும்” என்று போனை எடுத்து, அங்கேயே படத்தை நீக்கத் தொடங்கினான்.