மத்தியதரைக்கடல் பாணி வான்கோழி பர்கர்

மத்தியதரைக்கடல் பாணி வான்கோழி பர்கர் என்பது வான்கோழிக் கொத்துக்கறியுடன் ஃபெட்டா பாலாடைக்கட்டி, பூண்டு, ஆர்கனோ, புதினா முதலியவற்றைக் கலந்து, வில்லைகளாகத் தட்டிச் சுட்டு, பன் அல்லது பிட்டா ரொட்டியில் வைத்து உண்ணும் உணவாகும். இது கிரேக்கத்தில் வழிவழியாகச் செய்யப்பட்டு வந்த பண்டம் அன்று. அமெரிக்க வீடுகளில் மாட்டிறைச்சி பர்கருக்கு மாற்றாகச் செய்யப்படும் வான்கோழி பர்கரில் கிரேக்கச் சமையலின் சுவைப்பொருள்களைச் சேர்த்துச் செய்வதாகும்.

வான்கோழியும் அப்பகுதிக்கு உரிய பறவையன்று. மெக்சிகோ பகுதி மக்கள் வளர்த்துப் பழக்கிய இப்பறவை, 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் வழியாக ஐரோப்பாவை அடைந்தது. ஆங்கிலத்தில் இதற்குத் துருக்கி நாட்டின் பெயர். துருக்கி மொழியிலோ 'ஹிந்தி', அதாவது இந்தியாவைச் சேர்ந்தது. இரண்டு நாடுகளுக்கும் இதன் பிறப்பில் பங்கில்லை என்பது வேடிக்கை.

கலவை

வான்கோழிக் கறியில், குறிப்பாக நெஞ்சுப்பகுதியில், கொழுப்பு குறைவு. அதனால் சுடும்போது எளிதில் வறண்டுவிடும். இந்த உணவில் சேரும் பொருள்களில் பல, சுவையோடு ஈரத்தையும் காக்கின்றன. 500 கிராம் கொத்துக்கறிக்கு அரை வெங்காயத்தைச் சாறு வீணாகாமல் துருவிச் சேர்க்க வேண்டும். உதிர்த்த ஃபெட்டா 75 கிராம், நசுக்கிய பூண்டு 2 பல், ஆலிவ் எண்ணெய் 1 மேசைக்கரண்டி, உலர்ந்த ஆர்கனோ 1 தேக்கரண்டி, சீரகத்தூள் அரைத் தேக்கரண்டி, ஒரு கைப்பிடி நறுக்கிய புதினா ஆகியவை போதும்.

ஃபெட்டா உப்புநீரில் ஊறியது என்பதால் கலவையில் உப்பு சேர்க்கத் தேவையில்லை. அதற்கு வேறொரு காரணமும் உண்டு. உப்பு கறியின் புரதத்தைக் கரைத்து ஒன்றோடொன்று ஒட்டச் செய்யும். வில்லை ரப்பர் போல இறுகிவிடும். ஆகவே சுடுவதற்குச் சற்று முன் மேலே தூவுவதே நல்லது. சப்பாத்தி மாவு போல அழுத்திப் பிசைவதும் கூடாது.

சுடுதல்

கலவையை 4 வில்லைகளாக, சுமார் 2 செ.மீ. கனத்தில் தட்டி, நடுவில் விரலால் சிறு பள்ளம் இட வேண்டும். இல்லையெனில் வேகும்போது நடுப்பகுதி உப்பிவிடும். அரைமணி நேரம் குளிர்பெட்டியில் வைத்தால் உடையாது. மிதமான தீயில் ஒவ்வொரு பக்கமும் 5 முதல் 6 நிமிடம் ஆகும். கரண்டியால் அழுத்தினால் சாறு வெளியேறிவிடும்.

முழுத்துண்டுக் கறியில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில் இருக்கும். கொத்தும்போது சால்மொனெல்லா போன்ற பாக்டீரியா உள்ளே வரை கலந்துவிடும். எனவே நடுப்பகுதி 74 பாகை செல்சியசை எட்ட வேண்டும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் அறிவுரை. மாட்டுக் கொத்துக்கறிக்கு இது 71 பாகை. நிறத்தை நம்ப முடியாது: நன்கு வெந்தும் இளஞ்சிவப்பாகத் தோன்றலாம், வேகாமலே வெளுத்தும் போகலாம். சமையல் வெப்பமானியை வில்லையின் பக்கவாட்டில் நடுவரை செருகிப் பார்ப்பதே சரியான வழி. பச்சைக்கறி வைத்த தட்டில் வெந்ததை வைப்பதும் நோயை வரவழைக்கும்.

உடன் பரிமாறுவது

கிரேக்கரின் ட்சட்சீகி இதற்குப் பொருத்தமான தொட்டுக்கொள்ளும் பண்டம். துருவிப் பிழிந்த வெள்ளரிக்காய், துணியில் வடித்த கெட்டித் தயிர், பூண்டு, ஆலிவ் எண்ணெய், உப்பு சேர்த்துக் கலக்கினால் அது தயார். வெள்ளரிக்காயைப் பிழியாவிட்டால் நீர்விட்டு ரொட்டி ஊறிப்போகும். தக்காளி வட்டங்களும் மெல்லிய வெங்காயமும் சேர்த்துச் சூடாகப் பரிமாறலாம்.